சராசரித் தலை

காதுக்காரர் கேட்டது இரண்டு ஸ்பான்ஜ் வளையம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த விவகாரத்தில் பிற்பாடு இத்தனை பேர் சொல்லி இத்தனை பக்கம் எழுதியாகிவிட்டது, அந்த மனிதர் முதலில் என்ன கேட்டார் என்பது கோப்பில் எங்குமே இல்லை. எழுதிய கை என்னுடையது. ஒப்பீட்டுக் குழுவின் குறிப்பெழுத்தர் நான்தான்.

எங்கள் துறை ஊருக்குக் குடிநீர் விடுகிறது. விடுகிற தண்ணீரில் கால்வாசி எந்த வீட்டுக்கும் போகாமல் மண்ணுக்குள்ளேயே கசிந்துவிடும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு ஆள் இருக்கிறார். கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு மைக்கைத் தரையில் வைப்பார். அதிலிருந்து வரும் வயரை ஹெட்போனில் செருகி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி நடுத்தெருவில் நிற்பார். அடியில் குழாய் உடைந்திருந்தால் ஒரு சத்தம் வரும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் இழுத்து மூச்சு விடுமே, அந்தச் சத்தம் என்பார். சேர்ந்த நாளிலிருந்து அவருக்குப் பெயர் காதுக்காரர். வருகைப் பதிவேட்டில்கூட ஒரு தடவை அப்படியே எழுதிவிட்டு, அப்புறம் அடித்துத் திருத்தினேன்.

தெரு அடங்கிய நேரத்தில் கேட்டால் சுலபம். ஆனால் எங்கள் அலுவலக நேரம் பத்து முதல் ஐந்து. தண்ணீர் எப்போது கசிந்தாலும் அவர் அதைப் பத்துக்கும் ஐந்துக்கும் நடுவில்தான், லாரிக்கும் பைக்குக்கும் நடுவில்தான் கேட்க வேண்டும். அதற்குத்தான் காதை முழுசாக மூடுகிற ஹெட்போன். அந்த ஹெட்போனில் காதில் படுகிற ஸ்பான்ஜ் பதினாலு வருஷம் உழைத்துவிட்டு, ஒரு நாள் தூளாக உதிர ஆரம்பித்தது. காதைச் சுற்றிக் கறுப்புத் தூளோடு அவர் நின்றால் கரி அள்ளிவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும். அதைவிட, ஸ்பான்ஜ் போன இடைவெளி வழியாக ஊர்ச் சத்தமெல்லாம் உள்ளே வந்தது.

சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய அக்கா வீட்டுச் சந்தில் கசிவு. அக்கா தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. சுவரில் முடி கனத்துக்கு ஒரு விரிசல் விட்டிருக்கிறது. தம்பி போய் மைக்கை வைத்துப் பார்த்தார். மூச்சுச் சத்தம் கேட்கிறது, ஆனால் எங்கே என்று பிடிபடவில்லை. சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் போலிருந்தது. எங்கள் துறையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, 'இங்கேதான்' என்று கையெழுத்து வைத்தால் ஒழிய ரோட்டைத் தோண்ட மாட்டார்கள்.

"அந்த ஓட்டை ஹெட்போனைக் குடுடா, நான் ஒரு உறை தைச்சுத் தரேன். பத்து நிமிஷ வேலை" என்றாராம் அக்கா.

"வெளியாள் கை வைக்கக் கூடாதுக்கா. ஆபீஸ் சாமான். எழுதிக் கேட்டா ரெண்டு நாள்ல வந்துடும்" என்றாராம் தம்பி. இருபது வருஷம் வேலை பார்த்த மனிதர் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

எழுதிக் கேட்டார். அரைப் பக்கம். துணை இயக்குநர் அதைப் படித்துவிட்டு, காதுக்காரரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். எங்கள் துறையில் ஒருவரை உட்காரச் சொன்னால் அவருக்கு நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"ரெண்டு ஸ்பான்ஜ்னு எழுதியிருக்கீங்க. இதை நான் எப்படி அனுமதிக்கறது? சின்னதா கேட்டா குடுக்கறதுக்கு நம்மகிட்ட விதியே இல்லை. பெருசா கேளுங்க, அதுக்கு எட்டு விதி இருக்கு. ஒரு அதிகாரியால ரெண்டு ஸ்பான்ஜுக்குக் கையெழுத்துப் போட முடியுமா? நாளைக்கு யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க? இந்த ஆளுக்கு இவ்வளவுதான் அதிகாரம் போலன்னு நினைக்க மாட்டாங்களா?"

"சார், எனக்கு ஸ்பான்ஜ் மட்டும் போதும் சார். அக்கா வீட்டு சுவர்ல..."

"உங்க எளிமை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா எளிமையைக் கோப்புல ஏத்த முடியாது" என்று அந்த அரைப் பக்கத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

இப்படித்தான், 'காதை முழுதும் மூடும் உயர்தர இரைச்சல் நீக்கி ஹெட்போன்கள்: சுகம் மற்றும் ஒலித்தரம் குறித்த ஒப்பீட்டுக் குழு' பிறந்தது. தலைவர் துணை இயக்குநர். உறுப்பினர் கொள்முதல் அதிகாரி. எழுத்தர் நான். பழைய ஹெட்போன் மாதிரிப் பொருளாக ஒரு பெட்டியில் வைத்து அரக்கு முத்திரையிடப்பட்டது. காதுக்காரர் மைக்கை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். ஹெட்போன் இல்லாத மைக் வெறும் கிண்ணம்.

சந்தையில் உள்ளவற்றில் மூன்றை வரவழைத்தோம். பெயர் சொன்னால் பாரபட்சம் என்று அ, ஆ, இ என்று பெயர் வைத்தோம். அ இரும்பு மாதிரி கனம். ஆ துணி மெத்தை வைத்தது, எடையே தெரியாது. இ பளபளவென்று தோல், அதைவிடப் பளபளப்பாக அதன் பெட்டி. கொள்முதல் அதிகாரிக்கு அந்தப் பெட்டியின் மேல் முதல் நாளே ஒரு கண்.

யார் தலையில் மாட்டிப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. காதுக்காரர் எழுந்து, "நான் மாட்டிப் பார்த்துச் சொல்லிடறேன் சார், அஞ்சு நிமிஷம்" என்றார். குழுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேட்டவரே சோதித்தால் அது சுயலாபம். எந்தத் தலைக்கும் பொருந்துமா என்று தெரிய வேண்டுமானால் சராசரித் தலை ஒன்று வேண்டும். ஆகவே துறையில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தலை அளந்தோம். துறையிடம் இருந்தது ரோடு அளக்கிற முப்பது மீட்டர் டேப் மட்டும்தான். அதைத் தலையில் சுற்றி, மீதியை ஒரு கடைநிலை ஊழியர் வராந்தாவில் பிடித்துக்கொண்டு நிற்க, மூன்று நாள் அளந்தோம். இயக்குநர் அந்தக் கணக்கில் இல்லை, அவருடைய தலையை மட்டும் அளக்கவில்லை. சராசரி என்ற சொல் அவர் பக்கத்தில் போகக் கூடாது என்று துணை இயக்குநர் கருதினார்.

கணக்குப் போட்டேன். சராசரி ஐம்பத்தாறு புள்ளி மூன்று சென்டிமீட்டர். மொத்தத் துறையிலும் அந்த அளவில் ஒரே ஒரு தலைதான் இருந்தது. அது காதுக்காரருடையது.

குழு நொந்துபோனது. இரண்டு மணி நேரம் யோசித்து, கடைசியில் துணை இயக்குநர் வழி கண்டுபிடித்தார். நான் எழுதிய தீர்மானம் இது: 'ஒப்பீட்டில் அன்னாரது தலை மட்டும் பங்கேற்கும். அன்னார் பங்கேற்க மாட்டார்.'

அன்றிலிருந்து அந்தத் தலை துறையின் உடைமை. உடைமை என்றால் பதிவு எண் வேண்டும். ஸ்டிக்கரை நெற்றியில் ஒட்டினால் வியர்வையில் விழுந்துவிடும் என்று பின்கழுத்தில் ஒட்டினோம். விதிகள் வகுத்தோம். தலை முடி வெட்டக் கூடாது, பிடிப்பு மாறிவிடும். தலை வெயிலில் போகக் கூடாது. தலையிடம் செல்போன் இருக்கக் கூடாது. காதுக்கு ஓய்வு தேவை என்பதால் கசிவு கேட்கிற வேலைக்குத் தலையை அனுப்பக் கூடாது. தலை எங்கே போனாலும் குறிப்பேட்டோடு எழுத்தரும் கூடவே போக வேண்டும், இது விதி நான்கு. அவர் மூக்குக்கண்ணாடி போடுகிறவர். சராசரித் தலைக்குக் கண்ணாடி உண்டா என்று விவாதம் வந்து, இல்லை என்று முடிவாகி, அதையும் கழற்றி என் மேஜை இழுப்பறையில் வைத்தோம். பாவம், எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அப்புறம் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

சுகத்தை இப்படி அளந்தோம். காதுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்திலிருந்து ஐந்து வரை நாற்காலியில் உட்காருவார். எதிரே குழு உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். முதல் நாள், அ. மத்தியானத்துக்குள் அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. "தலை சாய்ஞ்சு லயிச்சுக் கேக்குது பாருங்க" என்றார் துணை இயக்குநர். ஏழு.

மூன்றாம் நாள், இ. அது இடுக்கி மாதிரி பிடித்தது. மாலைக்குள் இரண்டு காதும் தக்காளி நிறம்.

"சார், காது சிவந்திருக்கு" என்றேன்.

"சிவப்புன்னா என்ன? ரத்த ஓட்டம். ரத்த ஓட்டம் நல்லதா கெட்டதா?" என்று கேட்டார் கொள்முதல் அதிகாரி. "ஒன்பது போடுங்க."

காதுக்காரர் ஹெட்போனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "சார், இது இடது காதுக்கு மேல..." என்று ஆரம்பித்தார்.

துணை இயக்குநருக்கு வந்ததே கோபம். "தராசு பேசுமா? தராசு வந்து 'எனக்கு கனமா இருக்கு'ன்னு சொல்லிச்சுன்னா உலகத்துல வியாபாரம் நடக்குமா? நீங்க அளவுகோல். அளவுகோலுக்குக் கருத்து இருக்கக் கூடாது." அதையும் விதி ஒன்பது என்று எழுதிக்கொண்டேன்.

செல்போனை வாங்கி வைத்துவிட்டதால் அக்கா என் மேஜை போனுக்குத்தான் பேசுவார். வாடிக்கையாளரின் அளவைச் சொல்கிற மாதிரி, சுற்றி வளைக்காமல் சொல்லுவார்.

"எழுத்தர் சார், விரிசல் சுவிட்ச் போர்டு வரைக்கும் வந்துடுச்சு. தையல் சாக்பீஸால கோடு போட்டுத் தேதி எழுதி வச்சிருக்கேன். தம்பிகிட்ட சொல்லிடுங்க."

அளவுகோலிடம் வேலை நேரத்தில் காகிதம் கொடுக்கக் கூடாது. ஐந்து மணிக்குச் சீட்டைக் கொடுப்பேன். அவர் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு படிப்பார். மூன்று நாள் கழித்து, "காலண்டர் ஆணி வரைக்கும்." அடுத்த சீட்டில், "ஜன்னல் வரைக்கும்." அவர் ஒவ்வொரு சாயங்காலமும் துணை இயக்குநர் அறை வாசலில் நின்றார். "அந்தப் பழைய ஹெட்போனை ஒரு மணி நேரம் மட்டும் குடுங்க சார், சந்துல வச்சுப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துடறேன்" என்றார். முத்திரை வைத்த பொருளை எப்படி எடுப்பது? அரக்கை யார் உடைப்பது? அரக்கை உடைக்க ஒரு விண்ணப்பம் உண்டு. அது அரக்கு வைத்த பெட்டிக்குள் இருந்தது. என் தவறுதான், காகிதங்களை அடுக்கும்போது உள்ளே போய்விட்டது.

குழு அமைந்த ஏழாம் நாள் ஒலித்தரச் சோதனை. இரைச்சலை நீக்குகிறதா என்று பார்க்க முதலில் இரைச்சல் என்றால் என்ன என்று முடிவு செய்தாக வேண்டும். துணை இயக்குநர் சொல்லச் சொல்ல எழுதினேன்: 'இரைச்சல் என்பது துணை இயக்குநர் பதவிக்குக் கீழ் உள்ள எவரும், எதுவும் எழுப்பும் ஒலி.'

"அப்ப நான் பேசறது, சார்?"

"இரைச்சல்தான். மனசுல வச்சுக்காதீங்க."

சோதனைக்கு இயக்குநரே வந்தார். காதுக்காரருக்கு ஆ மாட்டப்பட்டது. அவர் முன்னால் நின்று இயக்குநர் தம் ஆண்டுவிழாப் பேச்சை முழுசாகப் பேசினார். பேச்சை எழுதியவன் நான் என்பதால் எனக்கு மனப்பாடம். "நான் இந்தத் துறைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகுது. இந்த ஒன்பது வருஷத்துல ஒரே ஒரு புகார்கூட என் காதுக்கு வந்ததில்லை. இது தானா நடந்துடுமா? ஒரு புகார் என் அறை வரைக்கும் வராம இருக்க எத்தனை பேர் உழைக்கறாங்க தெரியுமா? நம்ம துறையோட அடித்தளம் உறுதியானது. அதை யாராலும் அசைக்க முடியாது!" என்று முடித்தார். நாங்கள் கை தட்டினோம். காதுக்காரர் சும்மா உட்கார்ந்திருந்தார்.

ஹெட்போனைக் கழற்றி, "என்னய்யா, எப்படி இருந்துச்சு?" என்று இயக்குநரே நேரில் கேட்டார். இயக்குநர் கேட்டால் அளவுகோல் பேசலாம்.

காதுக்காரர் முகம் அப்படியே மலர்ந்தது. "ஒண்ணுமே கேக்கலை சார்! ரொம்ப அருமையான ஹெட்போன் சார்!"

"ஒண்ணுமேவா? அடித்தளம்னு சொன்னேனே, அதுகூடவா?"

"எதிர்ல ஏதோ அசையற மாதிரி இருந்துச்சு சார். அவ்வளவுதான்."

நான் பேனா மூடியைக் கீழே போட்டுவிட்டு மேஜைக்கடியில் தேடப் போனேன். மேலே வந்தபோது ஆ தோற்றிருந்தது. காரணம்: 'உயர் அதிகாரியின் அறிவுரையைத் தடை செய்கிறது.' மூன்றிலும் நல்லது அதுதான். கனமில்லை, காது சுடவில்லை, சத்தமும் உள்ளே வரவில்லை. அந்தக் குறையை மன்னிக்க முடியவில்லை.

அப்புறம்தான் கொள்முதல் அதிகாரி தம் திறமையைக் காட்டினார். இ-யின் பெட்டிக்குள் ஒரு சிறு புத்தகம் இருந்தது. அதைப் படித்து, தம் செல்போனிலிருந்து வயர் இல்லாமலே இயக்குநர் பேச்சின் பதிவை அதில் ஓட விட்டார். குழுவினர் மாறி மாறி மாட்டிப் பார்த்தார்கள். வெளியே உலகம் நின்றுவிட்டது, உள்ளே இயக்குநர் குரல் கண்ணாடி மாதிரி கேட்டது. "உள்ளே இயக்குநர், வெளியே அமைதி! நிர்வாகம்னா இதுதான் சார்!" என்று துணை இயக்குநர் கண் கலங்கினார். இந்த வித்தையை மற்ற இரண்டும் செய்யும் என்று நான் குறிப்பில் எழுதவில்லை. எழுத்தர் கருத்து எழுதக் கூடாது.

இ வென்றது. நாற்பது வாங்குவது என்று தீர்மானம். புகார்ப் பிரிவுக்கு முப்பது, அதிகாரிகளுக்குப் பத்து. நோக்கம் என்ற கட்டத்தில், 'பொதுமக்களின் குரலிலிருந்து அலுவலர்களைப் பாதுகாத்தல்' என்று எழுதச் சொன்னார்கள். காதுக்காரருக்கு ஒன்றும் இல்லை. அவர் ஸ்பான்ஜ்தானே கேட்டிருந்தார், ஹெட்போன் கேட்கவில்லையே.

பதினோராம் நாள். வாங்கும் முன் கடைசிச் சோதனை. அதற்காக நாலு இ வந்திருந்தது. இயக்குநர், துணை இயக்குநர், கொள்முதல் அதிகாரி மூவரும் ஆளுக்கொரு இ மாட்டிக்கொண்டு பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அளவுகோலும் ஒரு இ மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தது. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். கழுத்தில் மஞ்சள் அளவு நாடா அப்படியே தொங்கியது.

"ஐயா, வீட்டுக் கதவை மூட முடியலைங்க. நிலை சாய்ஞ்சு போச்சு. சுவர்ல கை நுழையுது. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்னன்னு சும்மா உக்காந்திருக்க என்னால முடியலை. என் தம்பியை ஒரு மணி நேரம் விட்டுக் குடுங்க, அது போதும்!"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். மூன்று அதிகாரிகளும் ஒரே மாதிரி புன்னகைத்தார்கள். துணை இயக்குநர் ஒரு கையைத் தூக்கி ஆசீர்வாதம் மாதிரி ஆட்டினார். அந்த அம்மாள் இன்னும் பக்கத்தில் போய், இன்னும் உரக்கச் சொன்னார். கொள்முதல் அதிகாரி எனக்குச் சைகை காட்டினார், 'பத்து போடு' என்று. நான் போட்டேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் போட்டேன்.

காதுக்காரருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியும் இல்லை. மங்கலாக ஓர் உருவம், அதன் கழுத்தில் மஞ்சளாக ஒரு கோடு. அந்தக் கோடுதான் அவரை எழுப்பியது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். நேரே என் இழுப்பறைக்கு வந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் அந்த முத்திரைப் பெட்டியைத் தூக்கி, மேஜை விளிம்பில் ஒரு போடு போட்டார். அரக்கு சிதறியது. பழைய ஹெட்போனை எடுத்துக்கொண்டு, "வாக்கா" என்று வெளியே நடந்தார். விதி நான்கின்படி நானும் குறிப்பேட்டோடு ஓடினேன். அதிகாரிகள் மூவரும் கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

சந்துக்குப் போனதும் அக்கா தையல் மிஷினைத் தெருவிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே போகப் பயம். கோட்டுத் தோளில் வைக்கிற பஞ்சு இரண்டை எடுத்தார், வட்டமாக வெட்டினார், நடுவில் துளை போட்டார், மெல்லிய துணி சுற்றி ஓரம் அடித்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம். ஹெட்போனில் பொருத்தி, தம்பி தலையில் மாட்டிவிட்டு, ஒரு அடி தள்ளி நின்று பார்த்தார்.

"வலிக்குதாடா?"

காதுக்காரர் என் குறிப்பேட்டைப் பார்த்தார்.

"உன்னைத்தான்டா. எங்க பிடிக்குது? இடது பக்கம் ஏன் இப்படிப் புண்ணா இருக்கு?"

"இடது காதுக்கு மேலக்கா" என்றார். அக்கா அந்தப் பக்கம் இரண்டு தையலைப் பிரித்துத் தளர்த்திவிட்டு, "இப்ப?" என்றார். "இப்ப சரிக்கா" என்றார் அவர். பதினொரு நாள், இருநூற்றுப் பன்னிரண்டு தலை, மூன்று ஹெட்போன், என் கையெழுத்தில் நூற்று நாற்பது பக்கம். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

அவர் மைக்கைத் தரையில் வைத்துக் கண்ணை மூடினார். ஒரு அடி நகர்ந்தார், இன்னொரு அடி. சந்து முனையில் ஒரு லாரி உறுமிக்கொண்டு போயிற்று, அவர் இமை அசையவில்லை. மூன்றாவது வீட்டு வாசலுக்கு நேரே நின்று கையை நீட்டினார். அக்கா தையல் சாக்பீஸைக் கொடுத்தார். குறி போட்டு, கையெழுத்தும் போட்டார். "எழுத்தர் சார், வால்வை மூடச் சொல்லிப் போன் போடுங்க. இங்க யாரும் கால் வைக்கக் கூடாது. அடியில ஒண்ணுமே இல்லை, மேல தார் மட்டும்தான் நிக்குது."

போன் போட்டுக்கொண்டிருக்கும்போதே துறையின் ஜீப் வந்து நின்றது. பேச்சு ஒரு சுற்று முடிந்து அதிகாரிகள் கண்ணைத் திறந்தபோது நாற்காலியில் தலையைக் காணவில்லை. துறை உடைமை வெளியே போய்விட்டது. மீட்க மூவரும் நேரிலேயே புறப்பட்டிருந்தார்கள். சோதனையை நடுவில் நிறுத்தக் கூடாது என்பதால் ஹெட்போன்களைக் கழற்றவில்லை. டிரைவர் அதற்குள் கொள்முதல் அதிகாரியின் செல்போனில் பேச்சை மறுபடி முதலிலிருந்து போட்டு, அதை அவர் பேண்ட் பைக்குள் செருகிவிட்டிருந்தார்.

மூவரும் இறங்கி நேரே குறியைப் பார்த்து நடந்தார்கள்.

"சார், அங்க வராதீங்க!" என்று காதுக்காரர் கத்தினார். நான் கத்தினேன். அக்கா அளவு நாடாவை வீசிக்காட்டிக் கத்தினார். சந்தே கத்தியது. துணை இயக்குநர் எங்களைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார். மூவரும் பெருக்கல் குறியின் மேல் வரிசையாக வந்து நின்றார்கள், புகைப்படத்துக்கு நிற்பது போல.

ரோடு அவசரமே படாமல் இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. மூன்று பேரும் நின்ற நிலையிலேயே இடுப்பு வரை சேற்றுத் தண்ணீருக்குள் போனார்கள். முகத்தில் அந்தப் புன்னகை மட்டும் அப்படியே இருந்தது. யாருக்கும் அடி படவில்லை. அவர்களைத் தூக்கி ஹெட்போனைக் கழற்றியபோது, அதிலிருந்து என் எழுத்து சன்னமாகக் கேட்டது: அசைக்க முடியாது, அசைக்க முடியாது. பேண்ட் பையில் இருந்த செல்போனில் தண்ணீர் பட்டுப் பதிவு அந்த இடத்திலேயே சிக்கிக்கொண்டது.

"தரை அதிர்ந்துச்சே, தெரியலையா சார்?" என்று டிரைவர் கேட்டார்.

"தெரிஞ்சுது" என்றார் இயக்குநர் காலில் இருந்த சேற்றை வழித்தபடி. "ஹெட்போன்ல பேஸ் நல்லா அதிருதுன்னு நினைச்சேன்."

அறிக்கை ஒரு வாரத்தில் தயாரானது. கடைசிப் பத்தியை இயக்குநரே சொல்லச் சொல்ல எழுதினேன்: 'எதிர்பாராத களச் சூழலில், மூன்று உயர் அதிகாரிகள் இடுப்பளவு நீரில் நின்றபோதும் கருவி இ தலையை விட்டுக் கழலவில்லை. வெளிச்சத்தம் எதுவும் செவிக்கு எட்டவில்லை. சுகம்: பத்துக்குப் பத்து.' நாற்பது அறுபதாக உயர்த்தப்பட்டது.

அக்கா வீடு விழவில்லை. இரண்டு கம்பு முட்டுக்கொடுத்து நிற்கிறது. ஆனால் முன்னறையை இடித்துத்தான் கட்ட வேண்டும் என்றார் மேஸ்திரி. பத்து நாள் முன்னால் தோண்டியிருந்தால் சுவர்ப் பூச்சு வேலையோடு போயிருக்குமாம். அக்கா இன்றைக்கும் தெருவில் மிஷினைப் போட்டுத்தான் தைக்கிறார். மழை வந்தால் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு எதிர்வீட்டு வாசலுக்கு ஓடுகிறார். இது அறிக்கையில் இல்லை.

காதுக்காரருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போயிற்று. தலையை அனுமதியின்றி அறையைவிட்டு எடுத்துச் சென்றது ஏன்? முத்திரையை உடைத்தது ஏன்? ஒப்பீடு முடியும் முன்னரே கசிவைக் கண்டுபிடித்தது ஏன்? கூடவே ஒரு படிவம். துறை உடைமையில் அங்கீகாரமற்ற ஸ்பான்ஜ் பொருத்தப்பட்டிருப்பதால், அதைக் கருவி ஈ எனக் கொண்டு, உரிய விவரங்களை நிரப்பித் தர வேண்டும்.

கேள்விகள் எதற்கும் அவர் பதில் எழுதவில்லை. படிவத்தை மட்டும் நிரப்பி அனுப்பினார். அது என் மேஜைக்குத்தான் வந்தது. நான் எண் போட்டுக் கோப்பில் சேர்த்தேன். அந்தக் கோப்பில் நான் எழுதாத பக்கம் அது ஒன்றுதான்.

சுகத்தை மதிப்பிட்டவர்: என் அக்கா.

அவரது பதவி: அக்கா.

மதிப்பீட்டு முறை: 'வலிக்குதாடா' என்று கேட்டார்.